குமிழ்ப் பூச்சு உரிமம்

ஒரு காட்டில், எந்தக் காட்டிலும் இருக்கிற மாதிரியே, ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தார். உறுமுவது, உறங்குவது, ரிப்பன் வெட்டுவது என்று அவருக்கு மூன்று வேலைகள். மிச்சத்தை எல்லாம் அவருடைய செயலாளர் நரியார் பார்த்துக்கொண்டார். பதவியில் இருப்பவர்களுக்கு 'ஆர்' போட்டுத்தான் பேச வேண்டும் என்பது அந்தக் காட்டின் சட்டம். அதனால்தான் நானும் போடுகிறேன், மனசார இல்லை.

அதே காட்டில் சடையன் என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தான். பதவி கிடையாது, ஆகவே வெறும் சடையன். தொழில் பெயின்ட் அடிப்பது. தன் முதுகில் வளரும் முரட்டு முடியை உருவிக் கட்டி அவனே பிரஷ் செய்துகொள்வான். கதவுக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, மூலைமுடுக்குக்கு மெல்லியதாக ஒன்று. கரடியின் குகை, முயல்களின் பிரசவ வளை, எல்லாம் அவன் கைவேலைதான். அவன் அடித்த சுவரை ஆறு மழைக்காலம் கழித்துத் தேய்த்துப் பார்த்தாலும் காலில் மாவு ஒட்டாது.

ஆனால் சடையனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. சுவர் காயாமல் பிரஷ்ஷைத் தொடமாட்டான். மூக்கைச் சுவரில் வைத்து இழுத்து மோந்து பார்ப்பான். இரண்டடி மண்ணுக்கு அடியில் கிழங்கு இருந்தாலே கண்டுபிடிக்கிற மூக்கு, பூச்சுக்குப் பின்னால் பதுங்கியிருக்கிற ஈரத்தையா விடும்? "இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவான். கெஞ்சினாலும் வரமாட்டான், மிரட்டினாலும் வரமாட்டான். இந்தக் குணத்தோடு ஒரு தொழிலாளி எப்படிப் பிழைப்பான் என்று காட்டில் பலரும் கவலைப்பட்டார்கள். உதவி யாரும் செய்யவில்லை, கவலை மட்டும் பட்டார்கள்.

ஒரு நாள் புதுச் சட்டம் வந்தது. இனிமேல் பிரஷ் பிடிக்கிறவர்கள் எல்லாரும் உரிமம் வாங்க வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் உடம்பு முடியை ஒட்ட மழித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு முடி போனால் நாலு நாள் வெட்கம், அதோடு சரி. சடையனுக்கு முடி போனால் தொழிலே போயிற்று.

"சட்டுனு போய் வாங்கிட்டு வந்துருங்க," என்றாள் அவன் மனைவி காத்தாயி. "முதுகு மொட்டையா ஒரு ஆம்பளையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் எந்தக் காட்டுல போய்க் கிழங்கு தோண்டறது?"

சடையன் போய் வரிசையில் நின்றான். அவனுக்கு முன்னால் ஓர் ஆமை நின்றது. "என்னய்யா இது, இப்படி ஊர்றானுங்க!" என்று ஆமையே அலுத்துக்கொண்டது என்றால் வரிசை போன வேகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் சடையன் கவுன்ட்டரை அடைந்தான். உள்ளே கழுதையார் உட்கார்ந்திருந்தார்.

"பிரஷ் வாங்கின ரசீது எங்க?"

"வாங்கலைங்கய்யா. என் முதுகுல வளர்ந்தது."

"எப்ப வளர்ந்தது?"

"பொறந்ததுல இருந்தே வளருதுங்க."

"அப்ப பொறந்ததுக்கு ரசீது கொண்டா."

கடைசியில், இரண்டு சாட்சிகள் முன்னிலையில் அவன் முதுகிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கிப் படிவத்தோடு பின் அடித்துக்கொண்டார்கள். ஆனால் அது முதல் படிதான். பொதுக் கட்டடம் ஒன்றுக்குப் பெயின்ட் அடித்து, அதைக் குழு பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் உரிமம். அந்தச் சமயத்தில் காட்டில் ஒரே ஒரு பொதுக் கட்டடம்தான் எழும்பிக்கொண்டிருந்தது: மனு வாங்கும் மண்டபம். பிராணிகள் எல்லாம் ஓர் இடத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு அதோடு மறந்துபோவதற்காகக் கட்டியது. கொட்டுகிற மழையில் கட்டி, கொட்டுகிற மழையிலேயே பூசியும் முடித்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை திறப்பு விழா.

சடையன் போய் மண்டபத்துச் சுவரில் மூக்கை வைத்தான். வைத்த மூக்கில் தண்ணீர் வடிந்தது.

"இன்னும் இருக்குங்கய்யா," என்றான் நரியாரிடம்.

"என்ன இருக்கு?"

"ஈரம். இருபத்தெட்டு நாள் காயட்டுங்க. அப்புறம் பட்டி மாவு வச்சுப் பள்ளத்தை அடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் ஒண்ணு, மேல ரெண்டு கோட்டு. பளிங்கு மாதிரி நிக்கும்."

"வெள்ளிக்கிழமை விழா, சடையா."

"சுவருக்கு வெள்ளிக்கிழமை தெரியாதுங்களே."

நரியார் படிவத்தை எடுத்துப் புரட்டினார். "சுவர் காஞ்சிருக்கணும்னு இதுல எங்கயாவது போட்டிருக்கா? எந்த வரியில இருக்கு, காட்டு."

எந்த வரியிலும் இல்லை. படிவம் எழுதியவர் வாழ்நாளில் ஒரு சுவரைத் தொட்டிருந்தால்தானே இருக்கும்?

மறுநாள் வண்ணத் தேர்வுக் குழு கூடியது. குழுவின் தலைமை ஆலோசகர் பச்சோந்தியார். நிறத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை என்று பேச்சு. அவருடைய முறை எளிமையானது. யார் எந்த நிறத்தைச் சொல்கிறாரோ, நிற மாதிரிகள் அச்சடித்த ஷேட் கார்டில் அந்தக் கட்டத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அந்த நிறத்துக்கு மாறிவிடுவார். மயிலார் நீலம் என்றார். பச்சோந்தியார் நீலமாகி, "அருமையான தேர்வு" என்றார். கரடியார் தேன் நிறம் என்றார். பச்சோந்தியார் தேன் நிறமாகி, "இதைத்தான் நானும் மனசுல வச்சிருந்தேன்" என்றார். இப்படியே மதியம் வரை ஏறி இறங்கி அவருக்கு மூச்சு வாங்கியது. அப்போது நரியார் உள்ளே எட்டிப் பார்த்து, "ராஜாவோட பிடரி நிறம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை. காட்டின் கலை ரசனை ஒருமனதாக நிறைவேறியது.

சடையனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஐயா, கார்டுல நகத்தளவு கட்டத்துல பார்க்கிறது வேற. சுவர் முழுக்க ஏறும்போது ரெண்டு பங்கு அடர்த்தியாத் தெரியும். ஓரமா ரெண்டடிக்கு ரெண்டடி அடிச்சு, வெயில்லயும் நிழல்லயும் வச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணலாங்க."

பச்சோந்தியார் ஒரு கண்ணை அவன் பக்கமும் மறு கண்ணை நரியார் போன பக்கமும் உருட்டினார். "சந்தேகம் இருக்கிறவன்தான் அடிச்சுப் பார்ப்பான். இங்க யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

யாருக்கும் இல்லை.

அன்று சாயங்காலம் நரியார் கடைசியாகக் கேட்டார். "அடிக்கிறியா, மாட்டியா?" சடையன் காத்தாயியை நினைத்தான், முதுகு முடியை நினைத்தான். தலையை ஆட்டிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். அதற்குள் அந்தப் பாழாய்ப்போன மூக்கு, கேட்காமலே, சுவர்ப் பக்கம் திரும்பி ஓர் இழுப்பு இழுத்தது.

"இன்னும் இருக்குங்கய்யா," என்றான்.

வேலை 'மந்தி அண்டு பிரதர்ஸ்' குரங்குகளுக்குப் போயிற்று. பட்டி இல்லை, உப்புத்தாள் இல்லை, பிரைமர் டப்பாவைத் திறக்கவே இல்லை. எட்டுக் குரங்குகள் உத்தரத்தில் வாலால் தொங்கிக்கொண்டு நாலு கையாலும் ரோலரை உருட்டின. பாதிப் பெயின்ட் தரைக்கு, கால்வாசி ஒன்றின் மேல் ஒன்று, மிச்சம் சுவருக்கு. வியாழக்கிழமை மத்தியானமே முடித்துவிட்டு வாழைப்பழம் தின்னப் போய்விட்டன. தூரத்திலிருந்து பார்க்க நன்றாகத்தான் இருந்தது. காட்டில் எதையும் யாரும் கிட்டப் போய்ப் பார்ப்பதும் இல்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே வர வழி தேடியது. ராஜா வருவதற்குள் சுவர் முழுக்கக் கொப்புளம். நெல்லிக்காய் அளவு, எலுமிச்சை அளவு, வாசலுக்கு நேரே பூசணிப் பிஞ்சு அளவில் ஒன்று.

சடையன் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்வரிசைக்கு வந்து நின்றான். பொய் சொல்வானேன், அவனுக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். இனி ராஜா கேட்பார், நரியார் விழிப்பார், எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், உரிமத்தைத் தட்டில் வைத்துக் கொடுப்பார்கள் என்று நினைத்தான். நாமெல்லாம் சின்ன வயதில் படித்த கதைகளை அவனும் படித்திருந்தான், பாவம்.

ராஜா ரிப்பனை வெட்டிவிட்டுச் சுவரைப் பார்த்தார். "இது என்ன?"

நரியார் விழித்தார். பச்சோந்தியார் சுவரோடு சுவராக ஆகிவிட்டார். குரங்குகள் உத்தரத்தின் மேல் ஏறிக்கொண்டன. ராஜா நெருங்கிப் போய், பூசணிப் பிஞ்சின் மேல் நகத்தை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

டப் என்று உடைந்தது.

ராஜாவின் முகம் மலர்ந்தது. பக்கத்தில் இருந்த எலுமிச்சையை அழுத்தினார். டப். நெல்லிக்காய்கள் நாலைந்தைச் சேர்த்து அழுத்தினார். டப் டப் டப். ஆண்ட காலமெல்லாம் வரவேற்புரை கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்த பிராணி அது. ஒரு விழாவில் முதல் தடவையாக அவருக்கு விளையாட ஏதோ கிடைத்திருந்தது. வலது பக்கச் சுவரை முடித்துவிட்டு இடது பக்கம் போனார்.

அவ்வளவுதான், நரியாருக்கு உயிர் வந்துவிட்டது. "குமிழ்ப் பூச்சு, ராஜா! நம்ம காட்டுல முதல் முறை. தங்களுக்காகவே ஏற்பாடு செஞ்சது."

"ஈரங்க அது!" என்று சடையன் கத்தினான். "ஈரச் சுவர்ல அடிச்சா அப்படித்தான் வரும்!"

"கேட்டீங்களா, ராஜா?" என்றார் நரியார், கண் இமைக்காமல். "இதோட தொழில்நுட்பம் கடைசிப் பன்றி வரைக்கும் போய்ச் சேர்ந்திருக்கு."

எல்லாரும் கைதட்டினார்கள். சடையனின் காது மடங்கிப்போயிற்று.

மறுவாரமே சட்டத்தில் திருத்தம் வந்தது. உரிமம் வேண்டுபவர்கள் எல்லாரும் குமிழ்ப் பூச்சுப் பரீட்சை எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு சுவர், இரண்டு வாய்ப்பு. உரிமம் எண் ஒன்று மந்தி அண்டு பிரதர்ஸுக்குப் பரீட்சை இல்லாமலே கிடைத்தது. பரீட்சை அதிகாரி வேறு யார், பச்சோந்தியார்தான்.

முதல் தடவை சடையன் எவ்வளவோ மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் போனான். ஆனால் பழகிய கை கேட்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தது, விரிசலில் பட்டியை இழுத்தது, உப்புத்தாளை எடுத்தது. முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் சுவர் தண்ணீரில் கிடந்த கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. விடைத்தாளில், 'ஒரு குமிழ் கூட இல்லை. தொழில் தெரியாதவர்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டாவது தடவை வைராக்கியமாகப் போனான். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிச் சுவரை நனைத்தான். கண்ணை மூடிக்கொண்டு அதன் மேலேயே அடித்தான். அடிக்கும்போது அழுகை வந்தது, துடைத்துக்கொண்டு அடித்தான். கொப்புளங்கள் வந்தன. ஆனால் தண்ணீரை அவன் ஊற்றிய விதமும் சீர், பிரஷ்ஷை இழுத்த விதமும் சீர். அத்தனை கொப்புளமும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், நூல் பிடித்த மாதிரி வரிசையாக எழும்பி நின்றன. பச்சோந்தியார் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார். 'முயற்சி இருக்கிறது. ஆனால் அலட்சியம் இயல்பாக வரவில்லை. தகுதி இல்லை.'

உரிமம் இல்லாதவன் முதுகில் பிரஷ் வளரக் கூடாது, திங்கட்கிழமை காலை முடி மழிக்க ஆள் வரும் என்று ஓலை வந்தது. காத்தாயி அவன் முதுகை ஒரு தரம் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டாள். அவள் திட்டியிருந்தால் சடையனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை மழிக்கிற ஆள் வரவில்லை. நரியார் வந்தார். தனியாக, வாலைச் சுருட்டிக்கொண்டு, வந்த தடத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி.

"மழிக்கிறவனை லீவுல அனுப்பியிருக்கேன்," என்றார். "எனக்கு ஒரு வேலை ஆகணும், சடையா. புதுசா வீடு கட்டியிருக்கேன்."

சடையனுக்கு வாய் கசந்தது. "குமிழ்ப் பூச்சுங்களா? எனக்கு வராதுன்னு எழுதியே கொடுத்துட்டாங்களே."

"சே சே! அந்தக் கண்றாவி எல்லாம் எதுக்கு? குட்டிங்க இருக்கிற வீடு." நரியார் குரலைத் தாழ்த்தினார். "நீ வந்து அந்த மூக்கை வச்சுப் பாரு. எத்தனை நாள் காயணும்?"

"இருபத்தெட்டு நாளுங்க."

"நாப்பது நாள் காயட்டும். எனக்கொண்ணும் அவசரமில்லை."

நாற்பது நாள் காய்ந்தது. சடையன் பட்டி பார்த்தான், தேய்த்தான், பிரைமர் அடித்தான், ரெண்டு கோட்டுப் போட்டான். நிறத்தைக் கூடச் சுவரில் அடித்துக் காட்டி, வெயிலிலும் நிழலிலும் பார்த்து, நரியாரின் வீட்டம்மாளே தேர்ந்தெடுத்தார்கள். வேலை செய்கிறபோது சடையனுக்கு வெட்கமாக இருந்தது. சுவர் நன்றாக வந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு கழுதையார் வீடு, பச்சோந்தியார் வீடு என்று வேலை ஒவ்வொன்றாக வந்தது. எல்லா வீட்டு வாசலிலும் ஒரே பலகைதான்: 'பெயின்டிங்: மந்தி அண்டு பிரதர்ஸ், உரிமம் எண் 1'. வருகைப் பதிவேட்டில் சடையனின் பெயருக்கு எதிரே 'சுவர் துடைப்பவர்' என்று போட்டிருந்தார்கள். அவனுடைய உரிம மனு பரிசீலனையில் இருக்கிறது. மழிக்கிற ஆளின் லீவு இதுவரை பதினேழு தடவை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. மழிக்கிற உத்தரவு மட்டும் ரத்து ஆகவில்லை, ஆகவும் ஆகாது.

நீதி: பொதுச் சுவருக்குக் குரங்கு, சொந்தச் சுவருக்குப் பன்றி. இதை மாற்றிக் கூப்பிடுகிறவன் ஒருநாளும் செயலாளராக முடியாது.