தும்மலுக்குக் காரணம் சொல்பவர்

மனிதர்களில் தும்முகிறவர்கள் ஒரு வகை; அந்தத் தும்மலுக்குக் காரணம் சொல்கிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு மருந்து உண்டு. இரண்டாம் வகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். யாருக்கோ மூச்சு இழுக்கிறது என்று காதில் விழுந்தால் போதும். உழுதுகொண்டிருந்த ஏரை நிறுத்தி, துண்டைத் தோளில் போட்டு, கூப்பிடாமலே வந்து கட்டிலில் உட்கார்ந்து, காப்பி வரும்வரை ஒரு காரணமும் குடித்தபின் இரண்டு காரணமும் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

எங்களுக்கு வாய்த்தவர் ஆறுச்சாமி மாமா, அம்மாவுக்கு அண்ணன் முறை. ஒரே வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்த எனக்கே புரிந்தது அவருக்குப் புரியவில்லை. அக்கா மயிலாத்தாளுக்குக் கார்த்திகையில், வீட்டை ஒட்டிய சோளக்காடு பூக்கிற நாளில்தான் மூக்கு ஒழுகும், கண் சிவக்கும், நெஞ்சு விசிலடிக்கும். கதிர் பால் பிடித்ததும் நின்றுவிடும். கோயமுத்தூர் டாக்டரம்மாவும் அதையே சொன்னார்: "பூத்தூள் காத்துல வருதும்மா. பூ முடியற வரைக்கும் காட்டுப்பக்க ஜன்னலைச் சாத்தி வைங்க."

அம்மா வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமா சிரித்தார். "பூவு போயி நோவு குடுக்குமுங்களா அம்மணி? தயிரு. எல்லாந் தயிரு."

தயிர் நின்றது. பிறகு வாழைப்பழம், நிலக்கடலை, தலைக்குளியல், பூனை. நிறுத்த வேறெதுவும் மிச்சமில்லாதபோது, போன வருஷம் ஊருக்கு வந்த கரண்டு. பல்பையும் அணைத்தோம். அக்கா மெலிந்ததுதான் மிச்சம். படுத்தால் மூச்சு முட்டும் என்று சுவரில் சாய்ந்தே தூங்கினாள். இத்தனைக்கும் நடுவில், ஒவ்வொரு தடவையும் மாமா கிளம்புமுன் செய்கிற காரியம் என்ன? அதே ஜன்னலை அகலத் திறப்பது.

"காத்து நல்லா வரோணுமுங்க."

அம்மா நம்பியது டாக்டரம்மாவைத்தான். ஆனால் அண்ணன் திறந்ததைத் தங்கச்சி சாத்தினால் அது மரியாதையா? எங்கள் பக்கத்தில் மூச்சு நின்றாலும் மரியாதை நிற்கக் கூடாது.

ஒரு நாள் அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. கையை நீட்டி ஜன்னலைக் காட்டினாள்.

"பாத்தீங்களா, புள்ள இன்னுங் காத்துக் கேக்குது" என்றார் மாமா.

மறுநாள் அவர் துண்டை வேலியில் போட்டுவிட்டுத் தொட்டியில் முகம் கழுவினார். அந்தத் துண்டில் நாலு சோளக்கதிரை உதறிய புண்ணியவான் யாரென்று கேட்காதீர்கள். உள்ளே வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, அழுத்தித் துடைத்தார். ஒன்று, இரண்டு, ஏழு, பதினேழு. மூக்கும் கண்ணும் மிளகாய்ப் பழம்.

"ஏனுங்ணா, என்னாச்சு?" என்றாள் அம்மா.

காரணம் இல்லாமல் அவரால் தும்ம முடியுமா?

"வாடைக்காத்துங்கம்மணி. வெசம். மொதல்ல அந்த ஜன்னலைச் சாத்துங்க. பொங்க வரைக்குந் தொறந்துபோடாதீங்க."

நானே எழுந்துபோய்ச் சாத்தினேன். ஐந்தாம் நாள் அக்கா காலை நீட்டிப் படுத்து, வாயைத் திறந்துகொண்டு, அசிங்கமாகக் குறட்டை விட்டாள். கேலி செய்யலாம் என்று போனவன், கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றேன். தன் வாடைக்காற்று வைத்தியத்தை மாமா கிணத்துக்கடவு வரை கொண்டுபோய்விட்டார்.

அவரை விடுங்கள். அக்கா சுவரில் சாய்ந்து தூங்கினாள் என்று படித்த இடத்தில், 'தூதுவளை ரசம் வைத்துக் கொடுத்திருக்கலாமே' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? தோன்றியிருந்தால் வெட்கப்படாமல் வாருங்கள். அக்கா தூங்குகிறாள், வாசலிலேயே என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.