மூன்று டிஸ்க், மூன்று கீ

"இந்தக் கீ செல்லாது" என்று திரை மூன்றாவது முறையாகச் சொன்னபோதும் அவள் முகம் மாறவில்லை. மனசு மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது.

பதினோரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குக் கிளம்பியிருக்கிறாள். வேலை இன்னும் உறுதியாகவில்லை. "ஒரே விசிட்ல முடிச்சிட்டீங்கன்னா வேலை உங்களுக்கு. முடியலைன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று சொல்லித்தான் மேனேஜர் இந்த முகவரியைக் கொடுத்திருந்தார்.

மெதுவாகிப்போன கம்ப்யூட்டருக்கு விண்டோஸைப் புதிதாக ஏற்ற, மேஜையில் மூன்று டிஸ்க்குகள், தனித்தனி உறைகளில். ஒவ்வோர் உறையின் முதுகிலும் இருபத்தைந்து எழுத்தில் ஒரு கீ, அசல் காப்பிதான் என்பதற்கான நம்பர்.

"அதது உறைமேல இருக்கற நம்பரைத்தானே போடணும்?" என்றாள் வீட்டுக்கார அம்மாள்.

"அதைத்தாம்மா போட்டேன். மாட்டேங்குது."

"அப்ப அடுத்த டிஸ்க்கைப் போடேன்."

போட்டாள். அது பழையதை முழுசாகத் துடைத்துவிட்டு, அப்புறம்தான் கீயைக் கேட்டது. கொடுத்தால், செல்லாது என்றது. வீட்டாரின் படங்களையெல்லாம் முதலிலேயே பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

"முன்னாடி மெதுவாவாவது நடந்துட்டிருந்தது. இப்போ படுத்தே போச்சு" என்றாள் அம்மாள்.

"ஆபரேஷன் டேபிள்ல யாரும்மா நடப்பாங்க?"

சொல்லிவிட்டு மூன்றாவது உறையின் கீயைத் தட்டினாள். ஏற்றுக்கொண்டது! அவள் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் மாடியிலிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, என் லேப்டாப் திடீர்னு என்னைத் திருடன்னு சொல்லுது! அசல் காப்பி இல்லியாம்!"

அது லேப்டாப்பின் கீ. ஒருவர் போர்வையை உருவி இன்னொருவருக்குப் போர்த்தியிருக்கிறாள்.

"ஒண்ணைச் சரிபண்ண வந்து ரெண்டைக் கவுத்துட்டியே. வேற யாரையாவது வரச் சொல்லட்டுமா?" என்றாள் அம்மாள்.

அந்தக் கேள்வி சுருக்கென்றது. ஆனால் பயம் வரவில்லை, ரோஷம்தான் வந்தது. பதினோரு வருடமாக மூடிக்கு டப்பா, சாக்ஸுக்கு ஜோடி என்று தேடித்தேடிச் சேர்த்தவள் அவள். இது என்ன புது வித்தையா?

"வேண்டாம்மா. எனக்கு அரை மணி நேரமும் ஒரு காபியும் குடுங்க."

இனி உறைகளை நம்புவதில்லை என்று முடிவு செய்தாள். டிஸ்க்குகளை வெளியே எடுத்து, அவற்றின்மேல் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தாள். லேப்டாப்பைக் கீழே வரவழைத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து கம்ப்யூட்டரின் முதுகில் ஒட்டியிருந்த மாடல் நம்பரைப் படித்தாள். ஒரு டிஸ்க் இந்தக் கம்ப்யூட்டருடையது. ஒன்று லேப்டாப்போடு வந்தது. இன்னொன்று, எப்போதோ தூக்கிப்போட்ட ஏதோ ஒரு பழைய கம்ப்யூட்டருடையது. மூன்று கீயும் வீடு மாறிக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன.

லேப்டாப்பின் கீயை லேப்டாப்புக்கே திருப்பிக் கொடுத்தாள். முதல் உறையின் டிஸ்க்கை உள்ளே தள்ளி, இரண்டாம் உறையின் கீயை அடித்தாள்.

திரை நீலமாக மலர்ந்தது. "வணக்கம்" என்றது.

டிஸ்க்குகளின் மேலேயே அதனதன் கீயைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, "இனிமே மாறாதும்மா" என்று எழுந்தாள்.

அம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் போனை எடுத்தார்.

"டேய், உன் கம்பெனிக்கு இந்தப் பொண்ணையே எடுத்துக்கோ, நாளைக்கு டெஸ்ட்டுக்கு வர்ற ரெண்டு பேரையும் வேண்டாம்னு சொல்லிடு, ஒவ்வொரு ஆளுக்கும் டிஸ்க்கை மாத்தி மாத்தி வெச்சு உங்கம்மாவுக்கு அலுத்துப் போச்சு!"