செப்புக் காப்பும் ஐந்து லிட்டர் தண்ணீரும்

‘புயம் பொய் சொல்லாது!’

மண்டப வாசலில் ஆளுயர எழுத்து. அதன் கீழே தொடங்கிய வரிசை தெருமுனை மருந்துக்கடையைத் தாண்டி வளைந்து போயிருந்தது. மருந்துக்கடைக்காரரும் கடையைப் பூட்டிவிட்டு வரிசையில்தான் நின்றார். வியாபாரம் எங்கே நடக்கிறதென்று அவருக்குத் தெரியாதா என்ன!

முப்பத்தேழாவது ஆளாக நின்றவர் உயிரியல் வாத்தியார். இருபத்திரண்டு வருடமாக மேல்கைப் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவர். முன்னால் இருதலைத் தசை. முழங்கையை மடக்கும், உள்ளங்கையை மேலே திருப்பும். பின்னால் முத்தலைத் தசை, மடங்கியதை நீட்டும். தோளுக்குத் தொப்பி போட்டாற்போலத் தோள் தசை. கையைப் பக்கவாட்டில் தூக்கும். ‘தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது’ என்று எழுதாத பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் வெட்டு. அப்பேர்ப்பட்ட மேதை, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் கழற்றச் சொல்லவில்லை. முன்னால் நின்றவர் கழற்றியிருந்தார், அவ்வளவுதான்.

பக்கத்தில் அவர் மனைவி. முடி அலங்காரக் கடையில் வேலை. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, விழுந்து, வலது மேல்கை எலும்பு முறிந்துவிட்டது. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்று கேட்காதீர்கள். அந்த நேரம் பார்த்து வாத்தியாருக்கு மூக்கு அரித்தது.

எலும்பு கூடிவிட்டது, தசை வற்றிவிட்டது. மூன்று வாரத்துக்குள் முடி உலர்த்தியைத் தூக்கிப் பிடிக்க முடியாவிட்டால் வேறு ஆள் போடுவேன் என்று கடைக்காரம்மா சொல்லிவிட்டார். பிசியோதெரபிப் பெண் கொடுத்த பயிற்சியைச் செய்யும்போதெல்லாம் அவள் வலியில் முனகுவாள். அது காதில் விழாமலிருக்க வாத்தியார் சமையலறைக்கு ஓடிக் குழாயைத் திறந்துவிட்டு நிற்பார்.

இந்த மண்டபத்தில் செப்புக் காப்பு விற்கும் ‘புயஞானி’யோ, பயிற்சியே வேண்டாம் என்கிறாராம். அந்த ஒரு சொல்லில்தான் இருபத்திரண்டு வருட அறிவியல் தடாலென்று காலில் விழுந்தது.

“பயிற்சி செஞ்சா சக்தி சிந்திப் போகும்,” என்றார் மேடையில் புயஞானி. “என் காப்பைப் போட்டா ஊறும். யாராவது படிச்சவங்க வாங்க!”

படிச்சவர் என்றதும் வாத்தியார் துள்ளிக்கொண்டு ஏறினார்.

“இடது கையைப் பக்கவாட்டுல நீட்டுங்க. கண்ணை மூடுங்க.”

புயஞானி இரண்டு விரலால் அமுக்கினார். கை தொப்பென்று விழுந்தது. செப்புக் காப்பை மாட்டிவிட்டு மறுபடி அமுக்கினார். முகம் சிவக்க, மூச்சு வாங்க, முழு உள்ளங்கையால். கை அசையவில்லை! மண்டபம் அதிர்ந்தது. வாத்தியார் மிதந்துகொண்டே கீழே இறங்கினார்.

“பாத்தியா? அசைக்க முடியல!”

“நீங்க பாத்தீங்களா?”

“நான் எப்படிப் பாக்கிறது? கண்ணை மூடியிருந்தேனே.”

“நான் திறந்திருந்தேன். முதல்ல மணிக்கட்டுல அமுக்கினார். ரெண்டாவது முழங்கைக்கு மேல. நம்ம பிசியோ பொண்ணு வாராவாரம் பேனாவால கோடு போட்டு அதே இடத்துலதான் அமுக்குது. ஒரு சாண் தள்ளினா எல்லாம் தப்பாயிடும்னு சொல்லுது.”

வாத்தியார் தன் மணிக்கட்டையும் முழங்கையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார்.

“நெம்புகோல்… எட்டாம் வகுப்புல நானே நடத்தறேன்…”

“நடத்தறீங்க. சரி. எப்பவாவது கவனிச்சிருக்கீங்களா?”

அவள் கணவரையும் இழுத்துக்கொண்டு விடுவிடுவென்று மேடையேறினாள். கழுத்தில் கைக்குத் தொட்டிலாகக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். மூலையில் குடிக்க வைத்திருந்த ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைக் கொண்டுவரச் சொன்னாள். பையிலிருந்து புருவப் பென்சிலை எடுத்து, கணவரின் மணிக்கட்டில் ஒரு கோடு, முழங்கைக்கு மேலே ஒரு கோடு போட்டாள்.

“நீங்க அமுக்க வேண்டாம் ஐயா. தண்ணி அமுக்கட்டும். அதுக்கு யாரையும் தெரியாது.”

“காப்புக்குத் தண்ணி ஆகாதும்மா,” என்றார் புயஞானி அவசரமாக.

மருந்துக்கடைக்காரர் எழுந்தார். “குளிக்கும்போதுகூடக் கழட்டக் கூடாதுன்னு போன வாரம் சொன்னீங்களே?”

புயஞானிக்குத் திடீரென்று இருமல் வந்தது.

காப்பில்லாமல், மணிக்கட்டுக் கோட்டில் அந்தத் துணியால் கேனைத் தொங்கவிட்டாள். கூட்டமே எண்ணியது. எட்டில் கை விழுந்தது. ஆறவிட்டு, காப்போடு அதே கோட்டில். ஏழரை என்றார் ஒருவர், எட்டு என்றார் இன்னொருவர். மறுபடி ஆறவிட்டாள். காப்பைக் கழற்றிப் புயஞானியின் கையிலேயே கொடுத்துவிட்டு, கேனை முழங்கைக்கு மேலே தொங்கவிட்டாள். இருபது. இருபத்தைந்து. முப்பது! எண்ணுகிறவர்கள் களைத்துப்போனார்கள்.

“அதே தண்ணி, அதே கை, அதே அசட்டு மனுஷன்,” என்றாள் கணவரைக் காட்டி. “இடம்தான் மாறிச்சு. தோள்கிட்ட தொங்கினா லேசு, விரல்கிட்ட தொங்கினா பாரம். சந்தையிலேர்ந்து பை தூக்கிட்டு வர்றவங்களுக்கு இதைச் சொல்லியா தரணும்?”

வாத்தியார் மைக்கைப் பிடித்தார். “நான் உயிரியல் ஆசிரியர்,” என்றார். கூட்டம் சிரித்தது. “சிரிங்க. உங்களுக்கு இந்தப் பாடம் மறந்துபோயிருக்கலாம். எனக்கு இதுக்குத்தான் சம்பளம்.”

புயஞானி பின்வாசலை நோக்கி நழுவினார். பெட்டி நிறையக் காப்பு. கதவருகே போவதற்குள் கை வலித்து இரண்டு தடவை கீழே வைத்தார். ஒரு காப்பை எடுத்து மாட்டிக்கொள்ள அவருக்கே தோன்றவில்லை! மருந்துக்கடைக்காரர் கதவை மறித்து நின்றார்.

அன்று சாயங்காலம் பயிற்சி. அவள் அரை லிட்டர் பாட்டிலைத் தூக்கினாள், முனகினாள். வாத்தியார் எழுந்து சமையலறைப் பக்கம் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார்.

“எண்ணுங்க.”

“ஒண்ணு… ரெண்டு…” சமையலறைக் குழாய் மூடியே கிடந்தது.

மூன்று வாரம் கழித்துக் கடைக்காரம்மாவின் தலையையே அவள் உலர்த்திக் காட்டினாள்.

இப்போதெல்லாம் வகுப்பில் படம் வரைந்து முடித்ததும் வாத்தியார் சொல்கிறார்: “நான் வரைஞ்சதை நம்பாதீங்க. பக்கத்துல இருக்கிறவன் கையை அமுக்கிப் பாருங்க. கண்ணைத் திறந்துகிட்டு.”

புயம் பொய் சொல்லாதுதான். அமுக்குகிற கை சொல்லும். ஆகவே அன்பர்களே, அடுத்த ஞானி உங்களைக் கண்ணை மூடச் சொன்னால், முதலில் அவரை மூடச் சொல்லுங்கள்.