அரைமணியரும் சுழியோடி மணிக்கூடும்

கிளிநொச்சியில் எல்லோரும் வெயிலோடும் தூசியோடும் சண்டை பிடித்தார்கள். நேரத்தோடு சண்டை பிடித்தவர் அரைமணியர் ஒருவர்தான்.

சமாதான காலம். ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் அரசாங்கத்தின் புது நேரம். இந்தப் பக்கம் நாங்கள் கைவிடாத பழைய நேரம், அரைமணி பின்னே. சனம் கூட்டிக் கழித்துப் பிழைத்தது. எங்கள் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரான அரைமணியர் மட்டும் கழிக்க மறுத்தார்.

“சூரியனைக் கேட்டோ மாத்தினவை?”

வவுனியாவில் படிப்பிக்கும் மனைவி ஞாயிறுதோறும் ஐந்து மணிக்குத் தொலைபேசி எடுப்பா. அவாவின் ஐந்துக்கு இவர் வீட்டில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருப்பார். தன்னுடைய ஐந்துக்குத் தொலைபேசிக் கடைக்கு வந்து, ஊமையாய்க் கிடக்கும் தொலைபேசியைத் திட்டுவார். கடைசியில் அவா சொல்லியனுப்பினா: “இன்னொருக்காப் பிந்தினால் இனி எடுக்கமாட்டன்.”

அந்தக் கிழமைதான் அவாவின் தம்பி கனடாவிலிருந்து வந்து, சங்கக்கடை மேசையில் இரண்டு மணிக்கூடு வைத்தான்.

“அத்தான், ரெண்டும் கடலுக்குள்ள சுழியோடுறவை கட்டுறது. ஒண்டு பழசு, ஒண்டு புதுசு. விருப்பமானதை எடுங்கோ. மற்றது உங்கட கிளாக்கருக்கு.”

கிளாக்கர் நான்தான்.

அரைமணியர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். முகம் கறுத்தது.

“ரெண்டும் ஒரே நேரமெல்லோ காட்டுது. இதில எது பழசு?”

“நேரமில்லை அத்தான், மோஸ்தர். இதுவும் புதுசுதான். பழசு மாதிரிச் செய்திருக்கிறாங்கள்.”

மங்கல் மஞ்சள் எண்கள், குமிழ்க் கண்ணாடி, தேய்ந்ததுபோல் ஒரு தோல்பட்டி. அரைமணியருக்குப் பற்றிக்கொண்டது.

“புதுசைப் பழசாக்கி விக்கிறாங்களோ? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்கட சாமானெல்லாம் தானாப் பழசாப்போச்சு. ஒருத்தனும் மெச்சேல்லையே.”

மற்றதைத் தூக்கினார். கறுப்பு, சிரட்டையளவு.

“இருநூறு மீற்றர் ஆழம் போகலாம், அத்தான்.”

“இரணைமடுக் குளத்திலயே அவ்வளவு ஆழமில்லை. நான் கிணத்தடியில வாளியால குளிக்கிறவன்.”

மூன்று நாள் இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு அரிசி நிறுத்தார். புதுசு தராசில் மோதியது, சாக்கில் கொழுவியது, சட்டைக்கையைக் கிழித்தது. பழசு பூனைபோல் கைக்குள் சுருண்டு கிடந்தது. மண்ணெண்ணெய்க்கு வந்த சனமெல்லாம் பழசுக்கே வாக்களித்தது. நானும் விழுந்து விழுந்து ஆதரித்தேன். புதுசு எனக்கு வருமே.

சனிக்கிழமை, கோபத்தில் இரண்டின் முகத்தையும் சுற்றியிருந்த, நிமிஷ எண் போட்ட வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பழசினது எண்ணெய் பட்டதுபோல் வழுக்கி ஓடியது. புதுசினது டிக், டிக்கென்று நகர்ந்து, விட்ட இடத்தில் நின்றது. பாதிவட்டம் திருப்பியவர் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இஞ்ச வாரும். நிமிஷ முள்ளை உள்ளுக்குப் பாரும்.”

“பழைய நேரம்.”

“அதே முள்ளை வளையத்தில பாரும்.”

“புது நேரம், அண்ணை.”

“நான் நேரத்தை மாத்தேல்லை. வளையத்தைத்தான் மாத்தினனான். விளங்குதோ?”

மறுநாள் தொலைபேசி ஒருதரம் அடித்ததும் எடுத்தார். பிறகு ஒருநாளும் பிந்தவில்லை. எனக்குப் பழசுதான் கிடைத்தது.

சில வருடம் கழித்து அரசாங்கமே பழைய நேரத்துக்குத் திரும்பியது.

“வெண்டிட்டியள் அண்ணை. இனி வளையத்தைத் திருப்புங்கோ.”

“ஏன் திருப்ப? இவ்வளவு காலம் என்னைப் பாடாய்ப் படுத்திப்போட்டு, இப்ப பேசாமப் பழையபடி வந்திட்டினமாம்.”

அந்த ஞாயிறும் வளையப்படியே, எல்லோருக்கும் அரைமணி முந்தித் தொலைபேசிக் கடைக்குப் போனார். நானும் வேடிக்கை பார்க்கப் போனேன். தொலைபேசி அடித்தது. அவாவும் வீட்டு மணிக்கூட்டை மாற்ற மறுத்துவிட்டாவாம்.

இரண்டுபேரின் கதையும் நீண்டது. வரிசையில் நின்ற சனம் முணுமுணுத்தது. நான் வாசலில் கதிரையைப் போட்டு இருந்து, பிறகு வந்தவர்களை லைன் பழுதென்று ஒவ்வொருவராய்த் திருப்பி அனுப்பினேன்.