மறிச்சுக் கறங்கிய காத்தாடி

இந்த உலகத்தில் சூட்டோடு சொந்தப் பகை வைத்துக்கொண்ட ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார். வெயிலைத் திட்டுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது பொதுப் பகை. காத்தாடி அண்ணன் கேஸ் வேறு. சூடு என்பது தன்னைத் தேடித் தக்கலைக்கு வந்து, தெருமுனையில் வீட்டு அடையாளம் விசாரித்து, கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருகிற ஓர் ஆள் என்றே அவர் நம்பினார். டீக்கடையில் டீயை வாங்கியதும், கல்லாப்பெட்டிக்கு மேலே சுற்றும் ஃபேனுக்கு நேராக கிளாசைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார். கல்யாண வீட்டில் பாயசம் விளம்பினால் அழைப்பிதழை எடுத்து விசிறுவார். பக்கத்து இலைக்காரர் சட்டையில் தெறித்தால், கொதி அடங்கட்டும் என்று அவருக்கே ஆறுதல் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் ஃபேனுக்குக் காத்தாடி என்று பெயர். ஆனால் அண்ணனுக்கு அந்தப் பட்டம் வந்தது டீயாலோ பாயசத்தாலோ அல்ல. ஒரு காரால்.

மஸ்கட்டில் ஏதோ பெரிய கட்டடத்தின் ஏ.சி. ப்ளாண்டில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு அவர் ஊர் திரும்பியபோது, மாடி எடுப்பார், ரப்பர் தோட்டம் வாங்குவார் என்று தெருவே காத்திருந்தது. அவரோ திருவனந்தபுரத்து டாக்டர் ஒருவரிடமிருந்து பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கருநீலம். தரையோடு ஒட்டிக் கிடக்கும். அந்தக் காலத்தில் பந்தயக்காரர்கள் ஆசைப்பட்ட வண்டியாம். ஆக்சிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். எல்லாம் சரி, நிற்கத்தான் தெரியாது. ஓடும்போது எதிர்க்காற்று முன்பக்கக் கிரில் வழியாக ரேடியேட்டரில் அடித்து எஞ்சினைக் குளிர வைக்கும். வண்டி நின்றுவிட்டால் ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கிற மின்சாரக் காத்தாடிதான் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். அந்தக் காத்தாடிக்கு வயசாகிவிட்டது. சிக்னலில் நின்றால் சூடு காட்டும் முள் ஏறும், சந்தையில் மாட்டினால் ஆவி வரும்.

இதனால் அண்ணனின் பயணங்கள் விசித்திரமாக அமைந்தன. மார்த்தாண்டத்துக்கு நேராகப் போனால் மேம்பாலத்துக்கு அடியில் நெரிசலில் நிற்க வேண்டி வருமே என்று குலசேகரம் போய், ரப்பர் தோட்டங்களைச் சுற்றிக்கொண்டு போவார். ஒருமுறை மீன் வாங்கிவிட்டு அந்த வழியாகவே திரும்பி வந்ததில் சாளை மீன் வீடு வந்து சேரும்போது பூனைகூட மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கியது. இந்த மாவட்டத்திலேயே வேகமான கார் அதுதான். எங்கேயும் கடைசியாகப் போய்ச் சேருகிற காரும் அதுதான்.

காத்தாடியை மாற்றுவது என்று முடிவுசெய்தார். அதோடு எங்கள் தெருவின் நிம்மதி போயிற்று. பழைய இரும்புக் கடைகளில் இருந்து வேன் காத்தாடி, பஸ் காத்தாடி, எந்தக் குலத்தில் பிறந்தது என்றே தெரியாத காத்தாடி எல்லாம் வந்து ஷெட்டில் குவிந்தன. சோதனைக்கு அண்ணன் ஒரு முறை வைத்திருந்தார். காத்தாடியை ஓட விட்டு, கிரில்லுக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடித்து விடுவார். தாள் கீழே விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் காற்றை நன்றாக இழுக்கிறது என்று அர்த்தம். செய்தித்தாள் பாஸானதும் காலண்டர் அட்டை. அதன் பிறகு அரிசி புடைக்கிற சுளவு. சுளவையும் பிடித்து வைத்துக்கொண்ட அன்றைக்கு, கொடியில் காய்ந்த சேலையும் பறந்து வந்து கிரில்லில் ஒட்டிக்கொண்டது. அது அண்ணனின் மனைவி பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு உடுத்துகிற சேலை. டீச்சரக்கா என்று நாங்கள் கூப்பிடும் அவர், அதன்பின் ஒரு வாரம் வீட்டில் பேசவில்லை. வகுப்பில்கூடப் பேசவில்லை, போர்டில் எழுதியே சமாளித்தார் என்று கேள்வி.

கடைசியில் இரட்டைக் காத்தாடி ஒன்று அமைந்தது. அதை ஓட விட்டால் ஹெட்லைட் மங்கும், ஹாரன் ஆட்டுக்குட்டி மாதிரி கத்தும். அதற்காகப் பெரிய ஆல்டர்னேட்டர், அதற்காகத் தடித்த ஒயர், அதற்காகப் புது ரிலே. காரை அணைத்த பிறகும் எஞ்சின் சூடாக இருந்தால் தானாக ஓடத் தொடங்குகிற குணமும் அதற்கு இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் கோயில் என்று சொல்லும் சர்ச்சில், போதகர் நரகத்தின் அக்கினிக் கடலைப் பற்றிச் சொல்லிச் சபையை நடுங்க வைத்துக்கொண்டிருந்த நேரம், வெளியே மரத்தடியில் அது இரைந்துகொண்டு கிளம்பியது. முன்வரிசையில் சில பேர் முழங்காலில் விழுந்தார்கள். அண்ணன் மட்டும் வாட்சைப் பார்த்துவிட்டு, சரியான டெம்பரேச்சரில் எடுக்கிறது என்று என் காதில் சொன்னார்.

எல்லா ஒயருக்கும் ஒரே மாதிரி கறுப்பு உறை போட்டு, பானட்டைத் திறந்தால் பியூட்டி பார்லரில் பின்னிய சடை போல வைத்திருந்தார். எது எந்த ஒயர் என்று கேட்டேன். கைக்குத் தெரியும் என்றார்.

இவ்வளவு பாடும் எதற்கென்றால், அவருடைய ஒரே மகள் ஜெனிக்காக. கார் வந்த புதிதில், பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஜெனி, எனக்க கல்யாணத்துக்கு நான் இதுலதான் போவேன் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகள் எத்தனையோ சொல்லும், மறந்துபோகும். அண்ணன் மறக்கிற ஆள் இல்லை. இப்போது அவள் நர்சாகி, கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை நாகர்கோவிலில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிற சாதுவான பையன். எங்கள் வழக்கப்படி பெண்ணை வீட்டிலிருந்து கோயில்வரை பேண்ட் செட்டுக்குப் பின்னால் ஊர்வலமாகக் கூட்டிப்போக வேண்டும். அதாவது பந்தயக் கார் ஒன்று கிளாரினெட்காரரின் நடைக்கு ஏற்ப ஊர வேண்டும். ரேடியேட்டருக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யாரும் யோசித்துவிட முடியாது.

டீச்சரக்கா தெளிவாகச் சொல்லிவிட்டார்.

“ஜெனிக்கப்பா, நல்லாக் கேட்டுக்கிடுங்க. எனக்க மக கல்யாணத்தன்னிக்கி இதுலேருந்து ஆவி வந்துதுன்னா, அவ வெள்ளக் கார்ல ஏறுவா. இது நேரா இரும்புக் கடைக்குப் போவும்.”

சொன்னதோடு நிற்காமல், வெள்ளை நிற வாடகைக் கார் ஒன்றையும் ஏற்பாடு செய்தார். ஊர்வலத்தின் பின்னாலேயே அது வரும், அதில் அவர் இருப்பார்.

கல்யாணத்தன்று விடியக்காலையில் தோவாளையிலிருந்து பூக்காரர் வந்தார். அங்கே ஆரம்பித்தது சண்டை. கிரில்லில் ஒரு பூகூட வைக்கக் கூடாது என்றார் அண்ணன். அது காரின் மூக்கு, மூக்கை அடைத்தால் எப்படி மூச்சு விடும் என்று கேட்டார். முன்பக்கம் பூ இல்லாத கல்யாணக் கார் மூளியாக இருக்கும், என் பேர் கெட்டுவிடும் என்றார் பூக்காரர். டீச்சரக்கா பூக்காரர் பக்கம் சாய்ந்தார். தீர்ப்பு முடிந்தது. கட்டும்போது காத்தாடி தானாகக் கிளம்பிப் பூவை உள்ளே இழுத்துவிடக் கூடாதே என்று அண்ணன் பானட்டைத் திறந்து அதன் ஒயரைக் கழற்றிவிட்டார். மல்லிகையும் கேந்தியும் ரோஜாவும் கிரில்லை மூடின. அலங்காரம் முடிந்ததும், உள்ளேயிருந்து எல்லோரும் பெயர் சொல்லிக் கூப்பிடும் அவசரத்தில், பட்டுவேட்டியோடு குனிந்து ஒயரை மாட்டினார். கைக்குத் தெரியும் அல்லவா. செய்தித்தாள் வைத்துப் பார்க்க நேரமில்லை. பார்க்கப் பூவும் விடாது.

ஜெனி பின்சீட்டில் ஏறினாள். நான் முன்சீட்டில், ரேடியேட்டர் கொதித்தால் ஊற்றத் தண்ணீர்க் கேனை மடியில் வைத்துக்கொண்டு. பேண்ட் செட் கிளம்பியது. அண்ணன் ரோட்டைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தார். முள் ஏறியது. கிளாரினெட்காரர் ஒரு வீட்டு வாசலில் நின்று ரசித்து வாசித்தார். முள் இன்னும் ஏறியது. அண்ணனின் நெற்றியிலிருந்து வியர்வை ஸ்டியரிங்கில் சொட்டியது. பின்னால் வெள்ளைக் கார் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தது.

காத்தாடி ஓடத் தொடங்கியது. அடுத்த கணம் கிரில்லில் கட்டியிருந்த பூ முழுவதும் முன்னால் பீய்ச்சியடித்தது. மல்லிகை மழையாகப் பெய்தது. கேந்தி டிரம்காரரின் முதுகில் விழுந்தது. ரோஜா இதழ்கள் கிளாரினெட்டின் வாய்க்குள்ளேயே போயின. அவர் விடாமல் வாசித்தார், ஸ்வரம் மட்டும் கொஞ்சம் மணத்தது. மாடிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள். பூ தூவுகிற மெஷினை எங்கே வாடகைக்கு எடுத்தது என்று யாரோ கேட்டார்கள். பூக்காரர் தன் வேலைதான் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார்.

முள் இறங்கியது. அண்ணன் என் பக்கம் சாய்ந்தார்.

“மக்கா, ஒயர மாத்தி மாட்டிட்டேன். காத்தாடி மறிச்சுக் கறங்குது.”

விஷயம் இதுதான். ஒயர் இடம் மாறியதால் காத்தாடி எதிர்ப்பக்கமாகச் சுற்றி, காற்றை உள்ளே இழுப்பதற்குப் பதில் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. ஊர்ந்து போகும்போது எந்தப் பக்கம் காற்று போனாலும் ரேடியேட்டர் குளிரும். அண்ணன் வாங்கிய ராட்சசக் காத்தாடிக்கு அது லேசான வேலை. ஆவி வராமல் கோயில் வந்து சேர்ந்தோம். ஜெனி இறங்கும்போது காரின் மேல் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனாள். அண்ணன் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். மூக்கையும் துடைத்தார்.

சாயங்காலம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் நாகர்கோவிலில் கொண்டுபோய் விட வேண்டும். கல்யாணக் களேபரத்தில் ஒயர் மறந்தே போய்விட்டது. திறந்த ரோட்டில் அண்ணன் உற்சாகமாக மிதித்தார். முன்னாலிருந்து எதிர்க்காற்று உள்ளே வர, காத்தாடி அதை வெளியே தள்ள, இரண்டும் மல்லுக்கட்டி ரேடியேட்டருக்கு ஒரு காற்றும் இல்லாமல் போயிற்று. இத்தனை வருஷம் நின்றால் கொதித்த கார் இப்போது ஓடினால் கொதித்தது. வில்லுக்குறி தாண்டுவதற்குள் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது.

ஓரமாக நிறுத்தினோம். வெள்ளைக் காரும் பின்னால் வந்து நின்றது. டீச்சரக்கா இறங்கி, அதன் கதவை அகலமாகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அண்ணன் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். இரண்டு ஒயரையும் இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். கண் மூடித் திறப்பதற்குள் ஆகிற வேலை. ஆனால் அவர் கை எழும்பவே இல்லை.

ஜெனி கல்யாணச் சேலையை வாரிப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, காலைல பைய போனப்போ ஆவி வரல்லல்லா?”

“வரல்ல மக்கா.”

“அப்ப பையவே போங்க. எனக்கு ஒரு அவசரமும் இல்ல.”

பைய என்றால் மெதுவாக. அவள் அதைச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டீச்சரக்கா இருவரையும் பார்த்தார். பிறகு வெள்ளைக் காரின் கதவைத் தானே சாத்திவிட்டு, எங்கள் காரின் பின்சீட்டில் ஏறி மாப்பிள்ளையை ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்து, மகளுக்கு நடுவில் இடம் போட்டார்.

சூடு ஆறியதும் தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். ஒயரை யாரும் தொடவில்லை. மாவட்டத்தின் வேகமான கார் நாகர்கோவிலை நோக்கி ஊர்ந்தது. சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். வாத்துக் கூட்டம் ஒன்று முந்தியது. அங்கே மாப்பிள்ளை வீட்டில் பாலும் பழமும் வைத்துக் காத்திருந்தவர்கள் பாலை மறுபடியும் மறுபடியும் சூடாக்கியதாகப் பிற்பாடு கேள்விப்பட்டோம். மாப்பிள்ளை ஒருமுறை, எவ்வளவு நேரம் ஆகும் மாமா என்று மரியாதையாகக் கேட்டார். அண்ணன் முள்ளைப் பார்த்தபடி, காரு சொல்லணும் என்றார். ஜெனி அம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துச் சின்ன வயசுக் கதைகளை எல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். நான் தண்ணீர்க் கேனை மடியில் இறுக்கிப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாளே அண்ணன் ஒயரைச் சரியாக மாற்றிவிட்டார். செய்தித்தாள் ஒட்டியது, சுளவு ஒட்டியது. இப்போது கார் மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கும். இரும்புக் கடைப் பேச்சை டீச்சரக்கா அதன்பின் எடுக்கவில்லை.

ஜெனி லீவுக்கு அடிக்கடி தக்கலைக்கு வருகிறாள். நேற்று சாயங்காலம் அண்ணன் ஷெட்டில் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு குனிந்து ஏதோ செய்துகொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கறுப்பு உறை போட்ட அந்த இரண்டு ஒயர்களையும் கழற்றி, இடம் மாற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் ஜெனி கிளம்புகிறாள் என்று புரிந்தது. நான் வீட்டுக்கு வந்து ஆபீசுக்குப் போன் போட்டு லீவு சொல்லிவிட்டு, தண்ணீர்க் கேனைக் கழுவி நிரப்பி வைத்தேன்.