பில் கவுன்ட்டர் பந்தயம்

ரொட்டி அடியில் போய்விட்டது. அதன் மேல் எண்ணெய் கேன், அதன் மேல் சலவைத்தூள். அடுத்தது என்ன என்று, சாமான் வாங்க வந்த சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் சர்க்கரையும் உருண்டு வந்து ரொட்டியின் கதையை முடித்தது.

பில் போடும் பெண்ணின் கைகள் கண்ணுக்கே தெரியவில்லை. 'பீப், பீப், பீப்' என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"கார்டா, கேஷா சார்?"

"இரும்மா, நான் இன்னும் பையையே பிரிக்கலை!"

"பின்னாடி ஆள் நிக்கிறாங்க சார். அந்தப் பலகையில வச்சு அடுக்கிக்கிறீங்களா?"

சுவரோரமாக நீளத்துக்கு ஒரு பலகை இருந்தது. சாமானை அப்படியே வண்டியில் வாரிப் போட்டுக்கொண்டு போய், அங்கே நின்று நிதானமாகப் பையில் அடுக்கிக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்தக் கடையின் ஏற்பாடு. கைக்குழந்தைக்காரிகளும் வயதானவர்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் சூப்பர்வைசர், கண்ணாடிச் சாமான் செய்யும் கம்பெனியில் பேக்கிங் பிரிவையே கட்டி மேய்த்துவிட்டு அண்மையில்தான் ஓய்வு பெற்றவர். அவர் கட்டி அனுப்பிய பெட்டிகள் கடல் தாண்டிப் போயிருக்கின்றன, ஒரு கிளாஸ் கீறல் கண்டதில்லை. அவரைப் போய்ப் பலகைக்குப் போகச் சொல்வதா?

வீட்டில் மனைவி ரொட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"ஏங்க, இது ரொட்டியா, அட்டையா?"

"அந்தப் பொண்ணு கையில சக்கரம் கட்டியிருக்கா. நாம பழைய கடைக்கே போயிடலாம். அங்க பையில போட்டே குடுப்பாங்க."

"போட்டுக் குடுக்கிற ஆளுக்குச் சம்பளம் யாரு தர்றா? நாமதான்! இந்தக் கடையில சாமானைப் பெட்டியோடவே வச்சிருக்கான், பிரிச்சு அடுக்க ஆள் கிடையாது. ஜோடனை கிடையாது, பாட்டுக் கிடையாது. ஒரே ஆளு லாரியில இருந்து இறக்குறான், தரையைத் துடைக்கிறான், பில்லும் போடுறான். அதனாலதான் விலை குறைச்சல். நீங்க கொஞ்சம் கையை வேகமா ஆட்டுனா என்ன குறைஞ்சு போயிடும்? பெரிய பேக்கிங் சூப்பர்வைசர்!"

கடைசி வார்த்தை சுருக்கென்று தைத்தது. வேலையில் இருந்து வந்த பிறகு அவரிடம் மிச்சம் இருந்ததே அந்தப் பெயர் ஒன்றுதான்.

அடுத்த வாரம் அவர் சும்மா போகவில்லை. எதிராளியை முதலில் படிக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டையை உள்ளே விட்டு, பாக்கெட்டில் வழக்கம்போல இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு, பில் கவுன்ட்டருக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டியபடி நின்றார். ஒவ்வொரு ஆளுக்கும் அவள் எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் ஒருதரம் அவரைப் பார்த்தாள். இன்னொரு தரம் பார்த்தாள். முகம் இறுகியது.

'கண்டுபிடிச்சிட்டா. வர்றேன் வர்றேன், இரு' என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு பால் பாக்கெட்டை எடுத்து முன்னும் பின்னும் திருப்பினார். மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எல்லா இடத்திலும் பார்கோடு. அட்டைப்பெட்டியின் முன்பக்கத்தைக் கிழித்துக்கொண்டிருந்த பணியாளரைக் கூப்பிட்டார்.

"ஏன் தம்பி, ஒரு பாக்கெட்டுக்கு எதுக்கு இத்தனை பார்கோடு?"

"எந்தப் பக்கம் காட்டினாலும் மெஷின் படிச்சிடும் சார். தேடவே வேண்டாம்."

"எல்லாமே சரியாப் படிக்குதா?"

"சத்தியமாப் படிக்கும் சார்."

"ஒரு ஆளுக்குப் பில் போட இவ்வளவு நேரம்தான் ஆகணும்னு கணக்கு ஏதாவது உண்டா?"

பணியாளர் கையில் இருந்த அட்டையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார். "இன்னும் குறைச்சிடலாம் சார்."

சூப்பர்வைசர் மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் குறைப்பதா? இதற்கு மேல் குறைத்தால் சாமான் பறக்க அல்லவா செய்யும்?

பறந்தது. அன்று அவர் முறை வந்தபோது அந்தப் பெண் நாற்காலியை விட்டு எழுந்து, வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள். தக்காளிகள் அவர் நெஞ்சில் வந்து மோதி நின்றன. பிஸ்கட்டுகள் வீட்டுக்கு வந்தபோது தூளாக இருந்தன.

"பால்ல போட்டுக் குடிச்சிடலாம், விடுங்க" என்றாள் மனைவி. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது. "சரி, உக்காருங்க. நான் தள்ளுறேன், நீங்க அடுக்குங்க."

சாப்பாட்டு மேஜை பில் கவுன்ட்டர் ஆனது. மனைவி ஒரு முனையில் உட்கார்ந்து, வாயால் 'பீப், பீப்' என்று சொல்லிக்கொண்டே டப்பாக்களைத் தள்ளினாள். உற்சாகத்தில் டிவி ரிமோட், அவருடைய மூக்குக் கண்ணாடி, ஊறுகாய் ஜாடி என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் தள்ளினாள். நாலைந்து நாளில் அவர் கை பழகிவிட்டது. கனமானது முதலில், உடைவது கடைசியில். பார்கோடு மேலே தெரியும்படி வரிசையாக வைத்துவிட்டால் குழப்பமே இல்லை என்று ஒரு யோசனையும் தோன்றியது.

அந்த யோசனைதான் குடியைக் கெடுத்தது. மறுவாரம் கவுன்ட்டரில் சாமானை நகர்த்தும் பட்டையில் அவர் சாமான்களை அளவெடுத்தாற்போல் வைத்தார். எல்லாப் பார்கோடும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பெண் அந்த வரிசையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள். தேட வேண்டிய வேலையே இல்லாததால் ஒரே வீச்சில் வழித்துத் தள்ளிவிட்டாள். 'பீப்' என்பது தனித்தனியாகக் கேட்கவில்லை. ஒரே நீளமான ஊளையாகக் கேட்டது. முட்டை அட்டை பட்டையின் ஓரத்தில் ஆடி, அவர் பிடிக்கக் கை நீட்டியபோது, கீழே விழுந்தது.

"ஐயோ, மன்னிச்சிடுங்க சார்! வேற முட்டை கொண்டாங்கப்பா, ஓடுங்க!"

இரண்டு பேர் ஓடினார்கள். ஒருவர் துடைக்க, ஒருவர் புது முட்டையோடு வந்து நிற்க, அவர் பையைக் கட்டி முடிப்பதற்குள் தரை பளபளத்தது. தன் தோல்வியைத் துடைப்பதில்கூட இவர்கள் இவ்வளவு வேகமா என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மனைவியின் தம்பி அன்று வீட்டுக்கு வந்திருந்தான். கதையைக் கேட்டுவிட்டுத் தொடையைத் தட்டினான்.

"இதுக்கா அத்தான் இப்படி உடைஞ்சு போயிட்டீங்க? கிரிக்கெட்டுல என்ன பண்றான்? வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாக்குறான்ல? நானும் வர்றேன். நீங்க அடுக்குங்க, நான் அந்தப் பொண்ணு கையை மட்டும் எடுக்கிறேன். வீட்டுல வந்து பாத்தா சூட்சுமம் தெரிஞ்சிடும்."

"வம்பாயிடாதே மாப்ள?"

"ஒரு வம்பும் ஆகாது. நான் இருக்கேன்ல?"

மச்சினன் அப்படிச் சொன்ன எதுவும் உருப்பட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் போனார்கள்.

கதவு திறந்ததுமே கடையில் ஏதோ மாறியது. பெட்டி கிழித்துக்கொண்டிருந்தவர் இன்னும் வேகமாகக் கிழித்தார். தரை துடைப்பவர் துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். கடை மேனேஜர் உள்ளே இருந்து ஓடி வந்து, மூடிக் கிடந்த கவுன்ட்டரைத் திறந்து, "சார், இங்க வாங்க, உங்களுக்குத் தனியா" என்றார். அங்கே போய் நின்றவள் அதே பெண்.

"பாத்தியா மாப்ள, ஒதுக்கி வச்சு அடிக்கிறாங்க" என்று சூப்பர்வைசர் முணுமுணுத்தார்.

மச்சினன் போனைத் தூக்கினான். "ரெடி அத்தான்! ஆரம்பிங்க!"

சொன்னதுதான் தாமதம். அரிசி வந்தது, எண்ணெய் வந்தது, சோப்பு வந்தது. அவர் அடுக்கினார். குனிந்தார், நிமிர்ந்தார், ஒரு பை நிறைந்து அடுத்த பையைப் பிரித்தார். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியது. பக்கத்துக் கவுன்ட்டரில் இருந்தவர்கள் பில்லை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "விடாதீங்க அத்தான், விடாதீங்க!" என்று மச்சினன் கத்தினான். மூச்சு முட்டியது. பால் பாக்கெட்டைப் பிடித்தபடியே பட்டையின் மேல் சாய்ந்துவிட்டார்.

"அம்மா... போதும்மா. கொஞ்சம் மெதுவாம்மா. என்னால முடியலை."

முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. கூரை இடிந்து விழும் என்று நினைத்தார். ஒன்றும் விழவில்லை.

பீப் சத்தம் நின்றது.

"மெதுவாப் போடலாமா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண். "நிஜமாவா?"

"எவ்வளவு மெதுவா வேணும்னாலும் போடும்மா."

அவள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, நீளமாக மூச்சு விட்டாள். அப்போதுதான் அவர் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அவருடைய மகள் வயதுதான் இருக்கும். அவளுக்கும் வியர்த்து வழிந்தது. விரல்கள் சிவந்திருந்தன. தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் குடித்தார், திருப்பிக் கொடுத்தார், அவளும் குடித்தாள்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஒரு பீப், ஓர் இடைவெளி, இன்னொரு பீப். ரொட்டியை அவளே கையில் கொடுத்தாள். அவர் அதைக் கண்ணாடிச் சாமான் மாதிரி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். ஒரு முட்டைகூட உடையவில்லை. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்தாற்போல் இருந்தது அவருக்கு. இவ்வளவுதானா? வாயைத் திறந்து கேட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்குமே?

"ரொம்ப நன்றிம்மா" என்றார், மனசாரச் சிரித்தபடி.

அவர் பைகளைத் தூக்கப் போனபோது மேனேஜர் முந்திக்கொண்டு வந்து ஒரு பையைத் தூக்கிக்கொண்டார். கதவு வரைக்கும் வந்தவர், அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க வேகத்தைச் சோதிக்கத் தலைமை ஆபீஸ்ல இருந்து ஆள் வருவாங்கன்னு தெரியும் சார், ஆனா இப்படி வாராவாரம் வந்து, இன்னிக்கு வீடியோ வேற எடுத்து... இப்பவாவது சொல்லிடுங்க சார், நாங்க பாஸா?"