முதுகைப் பங்கு போட்ட கியர் அண்ணன்

சொந்த முதுகெலும்பைப் பாகப்பிரிவினை செய்து இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் கியர் அண்ணன். கொடைக்கானலில் நான் ரிசப்ஷனில் இருக்கும் லாட்ஜுக்கு ஜீப் ஓட்டுபவர். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருக்கிறதா என்பது சந்தேகம்.

அந்தத் தைப்பூசம் நெருங்கும் நேரத்தில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவர் மனைவி, எங்கள் மதினி, ஆபரேஷனிலிருந்து பிழைத்து எழுந்தால் பழனிக்குக் காவடி எடுப்பதாக அண்ணன் வேண்டியிருந்தார். மதினி எழுந்துவிட்டார். இவர் படுத்துவிட்டார்.

"நானே எடுக்கேங்க" என்றார் மதினி.

"ஒனக்காக வேண்டுனத நீயே சொமந்தா முருகன் என்னையப் பத்தி என்ன நெனப்பாரு?"

ஊரில் முதுகு பார்க்க இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கைரோபிராக்டர். முதுகெலும்பில் இடம் பார்த்து வெடுக்கென்று ஓர் அழுத்து. சடக்கென்று சத்தம் வரும், முடிந்தது. இன்னொருவர் ஆஸ்டியோபதி அம்மா. இடுப்பு வலி என்று போனால் கணுக்கால், விலா, மூச்சு என்று ஊர்வலம் போய், தசைகளை நிதானமாக நீவி இழுத்து, கடைசியில்தான் இடுப்புக்கு வருவார்.

"ஏலே, அவரு வீல் அலைன்மென்ட். வெரசா சோலி முடிஞ்சிரும். அந்தம்மா ஃபுல் சர்வீஸ், நட்டு போல்ட்டு ஒண்ணு விடாமத் தொட்டுப் பாப்பாங்க" என்றார் அண்ணன்.

"எதுண்ணே நல்லது?"

"அதத்தான் டெஸ்ட் பண்ணப் போறேன். மேல்பாதி அவருக்கு, கீழ்பாதி அம்மாவுக்கு. எல்லை தாண்டக் கூடாதுன்னு ரெண்டு பேர்ட்டயும் சொல்லிட்டேன்."

வலியோ சரியாக எல்லைக்கோட்டில் உட்கார்ந்திருந்தது. யாரிடம் போனாலும் காலையில் நிமிர்வார். ஒரு சவாரி போய் வந்தால் மறுபடி கேள்விக்குறி. காவடியோ நெருங்கிக்கொண்டே இருந்தது. ஆத்திரம் தாங்காமல் இரண்டு பேரையும் லாட்ஜ் வாசலுக்கே கூப்பிட்டுவிட்டார்.

"யார் வைத்தியம் பலிக்கல? இன்னைக்கி முடிவாகணும்."

அவர்கள் சண்டை போடுவார்கள் என்று லாட்ஜே கூடி நின்றது, மதினியும் வந்திருந்தார். கைரோபிராக்டர் நேராக ஜீப்பில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். ஒரு பக்கமாகச் சரிந்தார். அடுத்து அந்த அம்மா உட்கார்ந்தார். அவரும் அதே பக்கம் சரிந்தார். இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "சீட்டை மாத்துங்க."

அண்ணன் முகம் கறுத்துவிட்டது. "ராசியான சீட்டுங்க. இதுல உக்காந்துதான் இவள உசுரோட ஆஸ்பத்திரிக்கிக் கொண்டு போனேன்."

மதினி பக்கத்தில் வந்தார். "என்னையக் காப்பாத்துனது சீட்டா, நீங்களா?"

அன்றைக்கே அண்ணன் ஸ்பேனர் எடுத்துச் சீட்டை மாற்றினார். பழனி மலைப்படியில் அவர் காவடியோடு ஆடி ஏறியபோது நான் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வைத்தியர்கள் இருவரும் பின்னாலேயே, அவரவர் பாதியைக் கவலையோடு பார்த்தபடி ஏறினார்கள்.

பழைய சீட்டைக் குப்பையில் போட மனசு வராமல் அண்ணன் அதை என் ரிசப்ஷனில் கொண்டுவந்து போட்டார். இப்போது எனக்கும் இடுப்பு பிடித்திருக்கிறது. இரண்டு வைத்தியர்களும் என்னிடமும் அதையேதான் சொல்கிறார்கள். நான் மாற்றுவதாக இல்லை.